மணல்புலியின் இடது முன்சக்கரம்

— அழுத்தாதே. அழுத்தாதேன்னு சொல்றேன்ல, கைய எடு!

— எடுத்துட்டேன் அத்தான்.

— எடுத்ததும் என்ன ஆகுது பாரு. தூக்குது. இடது முன்சக்கரம் கண்ணாடியில படாம அந்தரத்துல நிக்குது.

— லேசாத்தான் அத்தான். ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவுதான்.

— என் மானம் மொத்தமும் நுழையுற அளவுடா அது. முப்பது வருஷம்! இந்த மேஜையில, இந்தக் கண்ணாடி மேல, நாலு சக்கரமும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு நின்ன வண்டி. நேத்து சுத்தம் பண்ணித் தாடான்னு உன் பல் கிளினிக்குக்கு அனுப்பினேன். இன்னைக்கு நாய் கால் தூக்குற மாதிரி நிக்குது. என்னடா செஞ்ச?

— நீங்க சொன்னதத்தான் செஞ்சேன் அத்தான்.

— நான் என்ன சொன்னேன்?

— "கம்பெனியிலேர்ந்து பொறியாளர் வராங்க. ஒரு பொட்டு தூசி, ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. உன் கிளினிக்குல கொறடு எப்படி பளிச்சுனு இருக்குமோ அப்படி இருக்கணும்"னீங்க.

— ஆமா, சொன்னேன்.

— அதான்... கொறடு மாதிரியே...

— மாதிரியே?

— என்ன சத்தம் இங்க? தெருமுனை வரைக்கும் கேக்குது. ஒரு ரிமோட் காருக்கா ரெண்டு ஆம்பளைங்க இந்த அலறு அலறுறீங்க?

— அக்கா, நல்லவேளை வந்த.

— ரிமோட் கார்னு சொல்லாதேன்னு உனக்கு எத்தனை தடவ சொல்றது? இது பக்கி. மணல்ல ஓடுறதுக்குன்னே பொறந்த வண்டி. மணல்புலி. கம்பெனி ஒரே ஒரு வருஷம்தான் இதைப் போட்டுச்சு.

— பக்கின்னு வெளிய போய்ச் சொல்லாதீங்க. உங்களத்தான் யாரோ சொல்றாங்கன்னு நெனச்சுக்குவாங்க. எனக்குத் தெரியாதா இதப் பத்தி? இந்த வீட்டுக்கு அதுதானே மூத்தது, நான் ரெண்டாவதா வந்தவ. மணல்ல ஓடப் பொறந்துச்சாம்! பொறந்ததுலேர்ந்து இந்த மேஜைய விட்டு இறங்கல.

— ஓட்டினா தேயும். தேஞ்சா போச்சு, திரும்பி வராது. அதுக்காகத்தானே மறுபடி தயாரிங்க, மறுபடி தயாரிங்கன்னு இத்தன வருஷமா கம்பெனிக்கு எழுதிட்டிருக்கேன். அதே வண்டி புதுசா வரட்டும். ஒண்ணு வாங்கி, ஆத்து மணல்ல இறக்கி, முழு வேகத்துல விரட்டி...

— நீங்க விரட்டுவீங்க.

— விரட்டுவேன்! சாகுறதுக்குள்ள ஒரே ஒரு தடவ மணல்புலிய மணல்ல ஓட்டிப் பாக்கணும். அது பேராசையா?

— பேராசைன்னு யாரு சொன்னா? ஓட்டுங்க. இப்ப என்ன வந்துச்சு அதுக்கு?

— உன் தம்பியக் கேளு. "கொறடு மாதிரியே"ன்னு ஒரு வார்த்தைய வாயில போட்டுக்கிட்டு மென்னு முழுங்கிட்டிருக்கான்.

— டேய், துப்பு.

— அதாவது அக்கா... முன்பக்கம் சக்கரத்தத் தாங்கிக்கிட்டு ரெண்டு பிளாஸ்டிக் ஆர்ம் இருக்கே, அதக் கழட்டினேன். இடுக்கெல்லாம் அந்தக் காலத்து கிரீஸ். பிரஷ் போகல, பஞ்சு போகல. அப்பத்தான் ஆட்டோகிளேவ் போடப் போற நேரம். தட்டுல கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சு...

— என்ன கிளேவ்?

— கொறடு, ஊசி எல்லாத்தையும் நீராவியில வச்சுக் கிருமி போக்குற மெஷின் அத்தான்.

— வேக வச்சியா?

— பயப்படாதீங்க அத்தான், சின்ன விஷயம்தான்...

— என் மணல்புலியோட கால வேக வச்சியாடா? மிச்சத் தண்ணிய என்ன பண்ணின, சூப்னு குடிச்சியா?

— வலது ஆர்ம் ஜம்முனு வந்துச்சு. இடதுதான் வெளிய எடுக்கும்போது லேசா முறுக்கின மாதிரி...

— பாத்துட்டுமா அப்படியே மாட்டிக் குடுத்த?

— ஆறினா தானா சரியாயிடும்னு நெனச்சேன்.

— பல்லப் புடுங்கிட்டு, தானா முளைச்சுக்கும் போங்கன்னு அனுப்புறவன்டா நீ!

— அதையும் செஞ்சிருக்கான், விடுங்க. டேய், கிருமியாவது செத்துச்சா?

— சிரிக்காதே. நீ உள்ளுக்குள்ள சிரிக்கிறது எனக்கு நல்லாத் தெரியுது.

— சிரிக்கலங்க. அந்தப் பொறியாளர் அம்மா எப்ப வராங்க?

— ஸ்டேஷன்ல இறங்கி டாக்ஸி ஏறியாச்சுன்னு இப்பத்தான் போன் பண்ணினாங்க.

— வந்து என்ன செய்வாங்க?

— வண்டியப் பாப்பாங்க. அசல்தான்னு அவங்களுக்குத் தோணினா, ஒரு கருவிய வச்சு மூலைமுடுக்கு விடாம அளந்துட்டுப் போவாங்க. கம்பெனியில வண்டிய வார்த்த பழைய அச்செல்லாம் எப்பவோ பழைய இரும்புக் கடைக்குப் போயாச்சு. அளந்து பாக்க ஒரு அசல் வண்டி கிடைச்சாத்தான் புது அச்சு வெட்ட முடியும். நாளைக்கு அவங்க மீட்டிங். இன்னைக்கு இந்தம்மா வெறுங்கையோட திரும்பினா மணல்புலியப் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டு வேற ஏதோ மாடலுக்குப் போயிடுவாங்க. அப்புறம் இந்த ஜென்மத்துல கிடையாது. குறிச்சுக்கோ, வரலாற்றுல இன்னைக்கு...

— வரலாறு கொஞ்சம் நிக்கட்டும். இந்த முறுக்க நேராக்க முடியாதா?

— அதான் கேக்கப் போறேன். உன் ஹேர் டிரையரக் கொண்டா. சூடு பண்ணி, திருப்பி முறுக்கிடலாம்.

— வேண்டாம் அத்தான்! பழைய பிளாஸ்டிக். பட்டுனு ஒடஞ்சா அப்புறம் மூணு சக்கரம்தான்.

— நீதான் கோணப் பல்ல நேராக்குறவனாச்சே. ஏதாவது பண்ணு.

— பல்லுன்னா கம்பி கட்டி, மாசம் ஒரு தடவ லேசா முடுக்கி, ஒண்ணரை வருஷத்துல நூல் புடிச்ச மாதிரி ஆக்கிடுவேன்.

— டாக்ஸி வந்துட்டிருக்குடா!

— நான் ஒண்ணு சொல்லட்டுமாங்க? வந்ததும் நடந்தத நடந்தபடி சொல்லிடுங்க. "என் மச்சினன் இந்த ஒரு ஆர்ம வேக வச்சுட்டான், கோணிக்கிச்சு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கு, அளந்துக்குங்க"ன்னு.

— அதெப்படிச் சொல்றது? "ஒரு திருகாணிகூட மாறாத, மாசுபடாத அசல்"னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். பெட்டியில என் பேரு வரப்போகுது.

— பெட்டியிலயா? மேலயா?

— அடியில. ஓரமா. "ஆலோசனை வழங்கியவர்"னு.

— குடுக்குறோம்னாங்களா?

— கேட்டிருக்கேன்.

— அதானே பாத்தேன்.

— அத்தான், எனக்கு ஒரு யோசனை. கோவப்படக் கூடாது.

— உன் யோசனைய நேத்தே பாத்தாச்சு. சொல்லு.

— கராத்தே மாஸ்டர்கிட்ட ஒரு மணல்புலி இருக்குல்ல. பெட்டியோட, பில்லோட.

— அந்த ஆள் பேச்ச இந்த ரூமுக்குள்ள எடுக்காதே.

— யாரு, பக்கத்துத் தெரு மாஸ்டரா? அவரும் உங்க சங்கம்தானே?

— சங்கம் இல்ல. பேரவை. அகில உலக மணல்புலி ஆர்வலர் பேரவை.

— அகில உலகமும் போன கூட்டத்துக்கு நம்ம வீட்டு சோபாவுலயே உக்காந்துடுச்சு. அப்பவும் ஒரு ஆளுக்கு இடம் மிச்சம். மாஸ்டருக்கு என்ன ஆச்சு? வர்றதே இல்லையே.

— அவரத்தான் அத்தான் நீக்கிட்டாரே அக்கா.

— ஏன், யாரையாவது உதைச்சுட்டாரா?

— அவரோட வண்டி போலி. இதே கண்ணாடி மேல வச்சுப் பாத்தேன். இடது முன்சக்கரம் படியல. கையேட்டுலயே கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு: "நான்கு சக்கரங்களும் சமதளத்தில் சீராகப் படிந்திருக்க வேண்டும்." அவருது படியல. அப்ப அது போலி. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னேன். இது ஒரு இயக்கம், இதுல தராதரம் வேணும்.

— அவர் என்ன சொன்னாரு?

— அழுதுட்டாரு அக்கா. அவ்ளோ பெரிய ஒடம்பு, கறுப்பு பெல்ட்டு. வண்டியத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டே படியிறங்கினாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

— அப்படின்னா தலைவரே, இப்ப உங்க வண்டியும் காலத் தூக்குது. உங்க சட்டப்படி உங்களையும் நீக்கணுமே. எழுந்து நின்னு சொல்லட்டுமா?

— ரெண்டும் ஒண்ணா? அது போலி, அதனால தூக்குது. இது அசல், விபத்துல தூக்குது.

— பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும், எது எதனால தூக்குதுன்னு?

— அதான் அக்கா நானும் சொல்றேன். மாஸ்டருக்கு ஒரு போன் போட்டா, வண்டியத் தூக்கிட்டு ஓடி வந்துடுவாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டா, எதை அளக்கறதுன்னு அந்தம்மாவே முடிவு பண்ணிக்கட்டும். நமக்கு வேண்டியது புது வண்டி வரணும், அவ்ளோதானே அத்தான்?

— அவ்ளோதானா? நான் துரத்தின ஆளோட வாசல்ல நானே போய் நிக்கணுமா? போலிய என் கையாலயே எடுத்துக் கம்பெனிக்கு நீட்டணுமா? மணல்புலி வராமலே போகட்டும்டா. அது மட்டும் நடக்காது.

— கேட்டுக்கோடா தம்பி. சாகுறதுக்குள்ள ஒரு தடவ ஓட்டணும்ன மனுஷன் இவருதான்.

— வெல்வெட்!

— என்னங்க?

— வெல்வெட் துணி மேல வச்சுக் காட்டுவோம். துணி பொதபொதன்னு இருக்கும். சக்கரம் லேசாப் பதிஞ்ச மாதிரியே தெரியும். இடைவெளி கண்ணுக்குப் படாது. எங்க அந்த நீல வெல்வெட்?

— போன வருஷம் நீங்களே தேர்ந்தெடுத்து உங்களுக்கே குடுத்துக்கிட்ட கேடயம் இருக்கே, அதோட பெட்டிக்குள்ள.

— எடு, எடு. மாப்பிள்ள, அந்தப் பக்கம் புடி. மெதுவா. இறக்கு. சக்கரம் தெரியுதா?

— குனிஞ்சு பாத்தா தெரியுது அத்தான்.

— குனிய விடாதே. குனியப் போனா நாற்காலியப் போடு, தண்ணியக் குடு, பேச்சுக் குடு.

— பெல் அடிக்குதுங்க.

— ஐயோ. என் தலைமுடி சரியா இருக்கா?

— இருக்குற வரைக்கும் சரியா இருக்கு. போய்க் கதவத் திறங்க.

— வாங்க மேடம், வாங்க வாங்க! அகில உலக மணல்புலி ஆர்வலர் பேரவையின் சார்பாக, அதன் நிறுவனத் தலைவர் என்கிற முறையில், இந்த எளியவனின் இல்லத்துக்கு...

— நீங்கதான் மாசா மாசம் எங்க கம்பெனிக்கு எழுதுறவரா?

— நானேதான் மேடம்! படிச்சிருக்கீங்களா?

— தினமும் பாக்குறேங்க. எங்க பிரிவுக் கதவு காத்துல சாத்திக்கும். உங்க கடிதக்கட்டத்தான் முட்டுக் குடுத்திருக்கோம்.

— பாத்தியா? என் எழுத்து கம்பெனிக் கதவையே திறந்து வச்சிருக்கு!

— மேடம், நான் இவரோட மனைவி. இது என் தம்பி, பல் டாக்டர். தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாங்க, டாக்ஸி வெளிய நிக்குது. வண்டி இதுதானா? ஏன் துணி மேல நிக்குது?

— வெல்வெட்டுல பாத்தாத்தான் மேடம் அந்த மஞ்ச நிறம்...

— நிறம் பாக்க வரல. பக்கத்துல கண்ணாடி இருக்கே, அதுல வைங்க.

— முதல்ல ஒரு சின்ன வரவேற்புரை...

— கண்ணாடியில வைங்க.

— மேடம், நாற்காலி...

— நின்னுக்குறேன் டாக்டர். வைங்க சார்.

— என்னங்க, அதான் சொல்றாங்கல்ல. வைங்க.

— வச்சுட்டேன்.

— விளக்கக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. இன்னும். போதும்... இடது முன்சக்கரம் தூக்குதே.

— மேடம், அது என்னன்னா...

— ஒரு நிமிஷம், யாரும் பேசாதீங்க. அழுத்தினா படியுது. விட்டா தூக்குது. அழுத்தினா... ம். விட்டா... ம்.

— மேடம், பயப்படாதீங்க, சின்ன விஷயம்தான். நேத்து என் கிளினிக்குல நான்...

— டேய், அவங்க பாத்துட்டிருக்காங்க, இரு.

— எத்தனை வீடு ஏறி இறங்கிட்டேன் தெரியுமாங்க? எல்லா வீட்டுலயும் அசல், அசல்னு கும்புடாத குறையா எடுத்துக் காட்டினாங்க. எல்லாமே நாலு சக்கரமும் அழகாப் படிஞ்சு நின்னுச்சு. நன்றி சொல்லிட்டுக் கிளம்பி வந்துட்டேன். இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எங்க வண்டி இதுதான்.

— எது மேடம்?

— இந்தக் கோணல். அந்த வருஷம் எங்களுக்கு ஒரே அவசரம். அச்சு ஆறுறதுக்கு முன்னாடியே ஆர்ம வெளிய இழுத்துட்டோம். இடது ஆர்ம்ல ஸ்டியரிங் கம்பிக்காக ஒரு வெட்டு விட்டிருக்கு பாருங்க. அந்த இடத்துல தாங்க பலம் கிடையாது. சூடு பட்டா அந்தப் பக்கமாத்தான் முறுக்கும். எங்க ஆலையிலேர்ந்து வந்த ஒவ்வொரு மணல்புலியும் ஒரு காலத் தூக்கிக்கிட்டுத்தான் வந்துச்சு.

— ஆனா கையேட்டுல... கடைசிப் பக்கத்துல... "சீராகப் படிந்திருக்க வேண்டும்"னு...

— கையேடு எழுதினவர் வண்டியக் கண்ணால பாத்ததே இல்லங்க. நல்லா எழுதுவாருன்னு அவர்கிட்டக் குடுத்தாங்க.

— அப்ப மேடம், நாலு சக்கரமும் படிஞ்சு நிக்குற வண்டின்னா?

— போலி, டாக்டர். வண்டி வந்த ஆறு மாசத்துல யாரோ அப்படியே காப்பியடிச்சு, பெட்டி, கையேடு, ஸ்டிக்கர் எல்லாத்தோடயும் கடை கடையா இறக்கிட்டாங்க. விக்கிற கடைக்காரருக்கே தெரியாது. ஆனா ஒண்ணு, எங்களவிட நல்லா செஞ்சிருந்தாங்க. பொறுமையா ஆறவிட்டு எடுத்திருக்காங்க. எங்க வண்டி மணல்ல விட்டா இடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போய்ச் சுவத்துல முட்டும். அந்தப் போலி நேராப் பறக்கும்.

— பறக்குமா?

— பறக்கும். நானே ஓட்டிப் பாத்திருக்கேன். போலிய வச்சிருந்தவங்க குடுத்து வச்சவங்க சார். ஆசை தீர ஓட்டியிருப்பாங்க.

— என்னங்க, உக்காருங்க. வேர்த்துக் கொட்டுது.

— நான் நல்லாத்தான் இருக்கேன்.

— அப்ப மேடம், புதுசாப் போடுற வண்டியில இந்தக் கோணல சரி பண்ணிடலாமே?

— சரி பண்ணிட்டா சார் மாதிரி ஆளுங்க எங்கள உயிரோட விட்டுடுவாங்களா? இந்தக் கோணல ஒரு மயிரிழை பிசகாம அப்படியே கொண்டு வரணும்னு தனியா ஒரு குழுவே போட்டிருக்கோம். நான்தான் அதுக்குத் தலைவி. இதச் சொன்னா எங்க வீட்டுல சிரிக்கிறாங்க.

— எல்லா வீட்டுலயும் அப்படித்தான் மேடம்.

— சரி, கருவிய எடுக்குறேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க. இந்தச் சக்கரம் நீங்க வாங்கின நாள்லேர்ந்தே இப்படியா? இடையில வெயில்லயோ, அடுப்புப் பக்கத்துலயோ இருந்து முறுக்கினது இல்லையே?

— ஏன் மேடம் கேக்குறீங்க?

— போலிக்கும் அதே இடத்துல அதே வெட்டு. அதச் சூடு பண்ணினாலும் இப்படியேதான் கோணும். பாத்து வித்தியாசம் சொல்ல எங்களால முடியாது. ஆனா மத்த அளவெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேற. தப்பான வண்டிய அளந்துட்டுப் போனா நாங்க வெட்டப் போற அச்சு மொத்தமும் தப்பு. அதனால இந்த ஒரு விஷயத்துல உங்க வார்த்தையத்தான் நம்பணும்.

— அத்தான்...

— நீ சும்மா இரு மாப்பிள்ள.

— என்னங்க. மேடம் கேக்குறாங்க. உங்க வண்டி கண்ணாடியில எப்படி நின்னுச்சுன்னு சொல்லுங்க. ஒண்ணும் குடி முழுகிடாது. மாஸ்டர் வீடு பக்கத்துத் தெருதான், அஞ்சு நிமிஷத்துல கூட்டிட்டு வந்துடலாம். புது வண்டி எப்படியும் வந்துடும்ங்க. நீங்க ஆசைப்பட்ட மாதிரியே ஓட்டலாம்.

— யாருங்க மாஸ்டர்? அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கா?

— அது ஒண்ணுமில்ல மேடம். எங்க பேரவையில இருந்த ஒருத்தர். நாலு சக்கரமும் கண்ணாடியில அழகாப் படியுற ஒரு வண்டிய வச்சுக்கிட்டு, அசல்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. போலின்னு அன்னைக்கே கண்டுபிடிச்சு, எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு நீக்கினது நான்தான்.